அந்தக் கல்யாண வீடியோவைத் தேடி எடு

மதுரை

அன்புள்ள கலா,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் கேட்டேன். ஆளுக்கு ஒரு லட்சம் போட்டால், பேச்சைத் திருப்பித் தரும் அந்த மூளைக் கருவியை நம்மோடு படித்த சுந்தருக்கும் வைக்க முடியாதா, குமரேசன் அதற்குத்தானே வசூல் பண்ணுகிறான் என்று கேட்கிறாய். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், பாதியில் அழவும் செய்வாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வா.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி, அவருக்கு டிரான்ஸ்ஃபர் வருமா வராதா என்று அதே கதை, பவித்ரா பிளஸ் டூ. போதும்.

சுந்தரைப் போய்ப் பார்த்தேன். மெலிந்திருக்கிறான். இடது கை ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது, வலது கையால் ஸ்பூன் பிடிக்கிறான், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். எனக்குத் தாங்க முடியாமல் போனது அவன் பேச்சுதான். பேச்சுப் பயிற்சி கொடுப்பதே என் தொழில் என்பதால் காது தானாக அங்கேதான் போகும். நாக்கின் பின்பக்கம் மேலே எழும்ப மறுக்கிறது, அதனால் 'க' எல்லாம் வெறும் காற்றாகப் போகிறது. உதடு இன்னும் நன்றாக ஒட்டுவதால் 'ப'வும் 'ம'வும் தெளிவு. மாலதி பக்கத்தில் உட்கார்ந்து அவன் சொல்வதை நமக்குத் திருப்பிச் சொல்கிறாள். நடுவில் அவன் ஏதோ சொன்னான், கண்ணில் அந்தப் பழைய குறும்பு. மாலதிக்கே பிடிபடவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் அவள் சொன்னாள்: "குமரேசன் வசூலில் இறங்கிட்டானாமே, அந்தப் பழைய டூர் பணம் முதல்ல வரட்டும்னு சொல்றார்." நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. சொல்லி முடிப்பதற்குள் ஜோக் ஆறிப்போய்விட்டது என்று அவனுக்குத் தெரியும். ஆண்டு விழாவில் மைக்கை வாங்கினால் பிரின்சிபாலையே சிரிக்க வைத்தவன்டி அவன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். குரூப்பில் குமரேசன் போட்ட வீடியோ உண்மைதான். அதில் பேசுகிறவர் கேசி ஹாரல், கலிபோர்னியாக்காரர், சுந்தருக்கு வந்த அதே ஏ.எல்.எஸ்., தசைகளை இயக்கும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் நோய். 2023 ஜூலையில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் பிரிவு மருத்துவர்கள் அவர் மூளையில், பேச்சுத் தசைகளுக்கு உத்தரவு போகும் இடத்தில், நான்கு சின்னச் சதுரங்களைப் பதித்தார்கள். ஒவ்வொன்றிலும் 64 மின்முனை, மொத்தம் 256. ஆபரேஷன் முடிந்து 25 நாள் கழித்து முதன்முதலில் கருவியை ஓடவிட்டபோது, அவர் பேச முயன்ற சொற்கள் திரையில் வந்தன. மனிதர் அழுதுவிட்டார். அன்று 50 சொல்தான். பிறகு அதை 1,25,000 சொல்லுக்கு விரித்தார்கள், நூற்றுக்கு 97 சொல்லுக்கு மேல் சரியாக வந்தது. 2024 ஆகஸ்டில் கட்டுரை வெளிவந்தபோதே படித்தேன். நாள் முழுக்க வேலையே ஓடவில்லை.

அதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதைத்தான் நீ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் அந்தச் சொற்களை வாசித்தது ஹாரலின் சொந்தக் குரலில். நோய் வருவதற்கு முன் பதிவாகியிருந்த அவர் பேச்சை வைத்து அந்தக் குரலைச் செய்தார்கள். அதே குழு 2025 ஜூனில் இன்னொரு படி ஏறியது. எழுத்தாக மாற்றிக் காத்திராமல், மூளையின் சைகையை நேராக ஒலியாக்கினார்கள். தாமதம் ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு. கேள்வி கேட்டால் கடைசியில் குரல் ஏறுகிறது, ஒரு சொல்லை அழுத்த நினைத்தால் அழுத்தம் விழுகிறது, சின்ன மெட்டுகூடப் பாட முடிகிறது. கேட்டவர்களுக்கு ஏறக்குறைய 60 சதவீதச் சொற்கள்தான் புரிந்தன, ஆனால் கருவி இல்லாமல் அவர் பேசினால் புரிந்தது 4 சதவீதம். சுந்தருக்கு வேண்டியது இதுதான், கலா. நேரத்துக்கு வந்து விழும் ஒரு வார்த்தை.

ஆனால் இது கடையில் கிடைக்கும் பொருள் இல்லை. ஆராய்ச்சி. சேர்கிறவர் அந்த மையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்க வேண்டும், ஏனென்றால் ஆராய்ச்சியாளர்கள் அடிக்கடி வீட்டுக்கே வந்து உட்காருவார்கள். தலையில் இணைப்பான் துருத்திக்கொண்டிருக்கும், அதில் கேபிள் மாட்டினால்தான் ஓடும். ஆளுக்கு ஒரு லட்சம் போட்டாலும் பத்து லட்சம் போட்டாலும் சுந்தரை அதில் சேர்க்க முடியாது. மொழியும் இருக்கிறது. அந்தக் கருவி பிடிப்பது ஆங்கிலத்தின் 39 ஒலிகளை, அதிலிருந்து சொல்லை ஊகிப்பது ஆங்கிலத்தில் பழகிய கம்ப்யூட்டர் புரோகிராம். நம் மொழியில் 'வரச்சொல்லியிருந்தானாமே' என்பதே ஒரு சொல். ஒன்றேகால் லட்சம் சொல் பட்டியல் இங்கே எந்த மூலைக்கு? முடியாது என்று சொல்லவில்லை. சான்ஃபிரான்சிஸ்கோவில் தாய்மொழி ஸ்பானிஷ் ஆன ஒருவருக்கு ஸ்பானிஷ், ஆங்கிலம் இரண்டையும் பிடிக்கும்படி செய்து 2024-ல் வெளியிட்டார்கள். தமிழுக்கும் யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும். அதற்கு வருடங்கள் ஆகும், சுந்தரிடம் அவ்வளவு நேரம் இல்லை.

உன் அருண் கேட்டானே, சிப் வைத்துக்கொண்டால் படிக்காமலே பாடம் ஏறிவிடுமா என்று. அவனிடம் சொல், யாருக்கும் எதுவும் உள்ளே ஏறவில்லை. எலான் மஸ்க்கின் நியூராலிங்க் நிறுவனம் 2024 ஜனவரியில் மூளையில் சிப்பை முதலில் பதித்தது நோலண்ட் அர்பா என்பவருக்கு. நீரில் குதித்தபோது அடிபட்டு, தோளுக்குக் கீழே அசைவு போனவர். 64 இழை, 1024 மின்முனை. அவர் நினைப்பால் கர்சரை நகர்த்தி செஸ் விளையாடினார், ராத்திரியெல்லாம் வீடியோ கேம் ஆடினார். சில வாரத்தில் பல இழைகள் மூளையிலிருந்து பின்வாங்கிவிட்டன. மென்பொருளை மாற்றித்தான் மறுபடி சரிக்கட்டினார்கள். மனிதனும் ஏ.ஐ.யும் ஒன்றாகக் கலப்பது பற்றி மஸ்க் மேடையில் பேசுகிறார். படுக்கையில் இருந்தவருக்குக் கிடைத்தது தானாக ஒரு செஸ் காயை நகர்த்தும் சுதந்திரம். எனக்கு இதுதான் பெரிது. ஜனங்களுக்கும் இது புரிந்துதான் இருக்கிறது. 2021 கடைசியில் பியூ என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் அமெரிக்காவில் கேட்டபோது, மூளையை வேகப்படுத்தும் சிப் எனக்கு வேண்டாம் என்றவர்கள் 78 சதவீதம். முடங்கியவர்களை அசைய வைக்க என்றால் சரி என்றவர்கள் 77 சதவீதம்.

உன் மாமியார் பயம் வேறு. மனசில் நினைப்பதெல்லாம் வெளியே தெரிந்துவிடுமாமே என்று. அவரைக் கிண்டல் பண்ணாதே, பயத்தில் நியாயம் இருக்கிறது. இப்போதைக்கு இந்தக் கருவிகள் பிடிப்பது, பேச முயலும்போது தசைக்குப் போகும் உத்தரவை. தபால்பெட்டியில் போட்ட கடிதத்தை எடுப்பது போல, வீட்டுக்குள் புகுந்து டைரியைப் படிப்பது இல்லை. ஆனால் 2025 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு குழு ஒன்று, உதட்டை அசைக்க முயலாமல் மனசுக்குள் சொல்லிக்கொள்ளும் சொல்லையும் ஓரளவு பிடிக்க முடிகிறது என்று காட்டியது. அவர்களே பயந்து ஒரு பூட்டும் வைத்தார்கள். மனசுக்குள் ஒரு குறிப்பிட்ட கடவுச்சொல்லை நினைத்தால்தான் கருவி கேட்கத் தொடங்கும். சிலி நாடு 2021-லேயே மூளைத் தகவலைக் காக்க அரசியல் சாசனத்தைத் திருத்தியது. தலையில் மாட்டும் சாதாரண ஹெட்செட் எடுத்த தகவலை அழிக்கச் சொல்லி 2023-ல் அங்கே உச்ச நீதிமன்றம் உத்தரவே போட்டது. இந்தச் சட்டம் நமக்கும் வேண்டும், சிப் வந்த பிறகு யோசித்தால் போதாது.

என் பயம் இது இரண்டும் இல்லை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி.

நம் ஊரில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத, ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் என்ற கேட்கும் கருவியை உள்ளே வைக்கிறார்கள். என் வேலையே அந்தப் பிள்ளைகளோடுதான். காதுக்குள் மின்முனை, வெளியே சத்தத்தை வாங்கி அனுப்பும் பிராசசர், தலையில் காந்தத்தால் ஒட்டும் கம்பிச்சுருள். தினமும் காலையில் நான் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் என்று ஆறு ஒலி சொல்வேன். கேட்டதும் பிள்ளை ஒரு பாசிமணியை டப்பாவில் போட வேண்டும். என்னிடம் வரும் ஒரு பையன், அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை. அவள் ராத்திரி ராத்திரி பிராசசரைக் கழற்றி, ஈரம் படாமல் டிரை பாக்ஸில் வைத்து மூடி, சாமி படத்துக்குக் கீழே வைப்பாள். ஒருநாள் 'ஆ' சொன்னேன், மணி விழவில்லை. 'ம்' சொன்னேன், விழவில்லை. கையில் மணியை வைத்துக்கொண்டு, மறைத்த என் கையைப் பார்த்தான். பிராசசர் போயிருந்தது. விசாரித்தால், அந்த மாடலை நிறுத்திவிட்டார்களாம், உதிரிபாகம் வராதாம், புதியது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். விலை லட்சங்களில். உள்ளே வைத்தது அப்படியே இருக்கிறது, பழுதே இல்லை. பிள்ளைக்குத்தான் சத்தம் இல்லை. பல கதவு தட்டி வாங்குவதற்குள் அவன் கேட்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, மறுபடி உதட்டைப் பார்க்கத் தொடங்கியிருந்தான். வார்த்தைகள் உதிர்ந்து போயிருந்தன. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

உடம்புக்குள் ஒரு கருவியை வைத்தால், அதைச் செய்தவனோடு ஆயுசுக்கும் உறவு. அவன் கடையை மூடினால்? இது நடந்திருக்கிறது. ஆர்கஸ் 2 என்று ஒரு விழித்திரைக் கருவி, பார்வை போனவர்களுக்குக் கொஞ்சம் வெளிச்சமும் உருவமும் தந்தது. அமெரிக்காவில் 2013-ல் அனுமதி கிடைத்தது, உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். செகண்ட் சைட் என்ற அந்த நிறுவனம் 2019-ல் அதைக் கைவிட்டது, 2020-ல் பெரும்பாலான ஊழியர்களை அனுப்பிவிட்டது. கருவி பழுதானவர்களுக்கு ரிப்பேர் செய்ய ஆள் இல்லை. ஆஸ்திரேலியாவில் ரீட்டா லெகெட் என்ற பெண், கடுமையான வலிப்பு நோய். வலிப்பு வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் கருவியை 2010-ல் மூளையில் வைத்தார்கள். தைரியமாக வெளியே போனார், வாழ்க்கையே மாறியது. 2013-ல் நியூரோவிஸ்டா என்ற நிறுவனத்துக்குப் பணம் தீர்ந்துவிட்டது. எடுத்துவிடுங்கள் என்றார்கள். வீட்டை அடமானம் வைத்தாவது அதை வாங்கிக்கொள்கிறேன் என்று அவரும் கணவரும் மன்றாடியும் நடக்கவில்லை. எடுத்துவிட்டார்கள். அந்தக் கருவி தன்னில் ஒரு பகுதியாகிவிட்டது என்று அவர் சொல்லியிருந்தார்.

இந்தக் கருவிகள் வரட்டும், கலா. வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் நிறுவனம் மூழ்கினாலும் உள்ளே இருப்பது ஓட வேண்டும், உதிரிபாகத்துக்கும் ரிப்பேருக்கும் முதலிலேயே பணம் ஒதுக்கி வைக்க வேண்டும், எடுப்பதா வைப்பதா என்பதை வைத்துக்கொண்டவர் சொல்ல வேண்டும். இதைச் சட்டமாக எழுதாமல் ஒருவர் தலையிலும் கை வைக்கக் கூடாது. 'சிப் நம்மை ஆட்டிவைக்குமா' என்று எல்லோரும் கேட்கிறார்கள். 'பத்து வருடம் கழித்து இதன் கேபிள் எங்கே கிடைக்கும்' என்று தீப்பெட்டி ஆபீஸ் அம்மாதான் கேட்கிறாள்.

இனி செய்ய வேண்டியது. குமரேசன் வசூலை நிறுத்த வேண்டாம், திசையை மாற்றுவோம். ஏ.எல்.எஸ். வந்தாலும் கண் அசைவு பெரும்பாலும் கடைசி வரை நிற்கும். கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்யும் கருவி இப்போதே இருக்கிறது, மண்டையைத் திறக்க வேண்டாம். அதற்கும், ராத்திரி மூச்சுக்கு வைக்கும் மெஷினுக்கும், மாலதி கொஞ்சம் தூங்க ஒரு ஹோம் நர்ஸுக்கும் அந்தப் பணம் போகட்டும்.

அப்புறம் குரல். இப்போது அவனிடம் மிச்சம் இருப்பதை நான் பதிவு செய்யத் தொடங்கிவிட்டேன். பிள்ளைகள் பெயர், மாலதியைக் கூப்பிடுவது, 'சாப்பிட்டியா', அவனுடைய அந்தக் கெட்ட வார்த்தைகூட. ஆனால் இது நோய் தின்ற குரல். நல்ல குரல் உன் வீட்டில் இருக்கிறது. உன் ரிசப்ஷனில் மைக்கைப் பிடுங்கி, பந்திக்கு ஆள் கூப்பிடுகிற சாக்கில் உன் மாமனாரைப் படாத பாடு படுத்தினானே, அது முழுக்க வீடியோவில் இருக்கும். 2023-ல் ஆன் ஜான்சன் என்ற பெண்ணுக்கு, பக்கவாதத்தில் பேச்சு போய் 18 வருடம் ஆனவருக்கு, அவர் கல்யாண வீடியோவில் இருந்த பேச்சை வைத்துத்தான் குரல் செய்தார்கள். கண் கருவியிலேயே நாளைக்கு அந்தக் குரலைப் பொருத்தலாம்.

கேசட்டைப் பழைய பிளேயரில் போட்டுப் பார்க்காதே. பூஞ்சை பிடித்திருந்தால் டேப் அறுந்துவிடும். இங்கே எனக்குத் தெரிந்த ஸ்டுடியோக்காரர் சுத்தம் செய்து மாற்றித் தருவார். கொரியரில் போடாமல் நீயே எடுத்துக்கொண்டு வா, அவனையும் பார்த்த மாதிரி இருக்கும். மாலதிக்குப் போன் பண்ணுவதானால் மத்தியானம் மூன்று மணிக்கு மேல். அவனிடம் பேச வீடியோ காலில் வா, வாயைப் பார்த்தால் பாதி புரியும். உனக்குப் புரியாவிட்டால் புரிந்த மாதிரி தலையாட்டாதே, திருப்பிச் சொல்லச் சொல். குமரேசனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
செல்வி