நாலு லிங்க் வித்தியாசம்

அன்புள்ள சண்முகம்,

உன் மெயில் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடாததற்கு இந்த முறை நிஜமாகவே காரணம் இருக்கிறது. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். போன் பார்க்கக் கூடாது, குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று ஏகப்பட்ட கூடாதுகள். விஜயா என் போனைப் பிடுங்கி அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டாள். இப்போது பரவாயில்லை. வேடிக்கை என்னவென்றால், வலது கண்ணால் பார்த்தால் கூடத்துச் சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது, இடது கண்ணால் பார்த்தால் அதே சுவர் பழைய பேப்பர் மாதிரி மஞ்சளாக இருக்கிறது. இத்தனை வருஷமாக அந்த மஞ்சளைத்தான் வெள்ளை என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். போன பொங்கலுக்கு வெள்ளையடித்தவனிடம் பழுப்பாக அடித்துவிட்டாய் என்று சண்டை வேறு போட்டேன்.

சரி, கயல் விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். கோடியக்கரைப் பக்கம் கிணறு கிணறாக அலைந்து, தண்ணீரில் உப்பு எப்படி ஏறுகிறது என்று பார்த்து, நாற்பது கிணற்றில் முப்பத்தெட்டு அவள் கணக்குக்கு ஒழுங்காக அடங்கிவிட்டது, மிச்சம் இரண்டு மட்டும் கடலுக்குக் கிட்டத்தில் இருந்துகொண்டே நல்ல தண்ணீர் காட்டுகிறது, அதனால் ஆய்வேட்டைக் கொடுக்காமல் ஒரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள் என்கிறாய். அந்த இரண்டையும் எடுத்துவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று யாரோ சொன்னதாகவும், அதற்கு அழுதாள் என்றும் எழுதியிருந்தாய். ‘ஆராய்ச்சி என்றைக்காவது முழுசாக முடியுமா, நீதான் வாழ்க்கை முழுக்க அளந்தவன், நீயே சொல்’ என்று கேட்டிருக்கிறாய்.

நான் அளந்தது வயலும் வரப்பும்தான். ஆனால் உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டால் என் பதில் உனக்குப் புரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்து அஞ்சாறு வருஷம் இருக்கும். ஏரிக்கரையோரம் ஒரு வயல். காலையிலிருந்து அளக்கிறோம். இருபது மீட்டர் செயின், நூறு லிங்க், இழுத்துப் பிடிக்க இரண்டு செயின்மேன். மேற்குப் பக்கம் பழைய புலப்படத்தில் இருக்கும் அளவோடு நாலு லிங்க் இடிக்கிறது. நாலு லிங்க் என்றால் எண்பது சென்டிமீட்டர். திரும்ப இழுத்தோம், மறுபடியும் நாலு. செயின் பழசு, வளையங்கள் வாய் பிளந்திருக்கும், அதனால் வரும் பிழை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். உச்சி வெயில், பசி, மதியம் மேலதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். களப் புத்தகத்தில் பழைய எண்ணையே எழுதிவிட்டேன். எல்லாம் அழகாக மூடிக்கொண்டது. நல்ல வேலை என்று பாராட்டுக்கூட வாங்கினேன்.

பதினோரு வருஷம் கழித்து அதே வயலில் அண்ணன் தம்பி தகராறு. மூலைக் கல் நகர்ந்திருக்கிறது. யார் நகர்த்தியது? பதிவேட்டைப் பார்த்தார்கள். நான் அளந்த வருஷம் எல்லாம் பழைய படத்தோடு சரியாக இருந்தது என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அப்படியானால் அதற்குப் பிறகு நிலத்துக்கு வந்த தம்பிதான் நகர்த்தியிருக்க வேண்டும் என்று ஊரே பேசிவிட்டது. எனக்கு மட்டும் தெரியும், நான் போன அன்றைக்கே கல் நகர்ந்துதான் இருந்தது. என் செயினில் ஒரு குறையும் இல்லை. அந்த நாலு லிங்க்தான் சாட்சி. அதைத்தான் நான் அழித்தேன். போய்ச் சொன்னேன், சொல்லாமல் இல்லை, ஆனால் எழுத்தில் இருப்பதற்கு முன்னால் வாயால் சொல்வது எடுபடுமா? தம்பி கடைசிவரை என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான்.

இதெல்லாம் ஞாபகம் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கண் ஆபரேஷனுக்கு முன்னால் சென்னையில் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனோம். மறுநாள் நான் மட்டும் நழுவிப் பரங்கிமலைக்குப் போனேன். சர்வே வேலை பார்த்தவனுக்கு அதுதான் குலதெய்வக் கோயில். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கிய ஆங்கிலேயர் லாம்டனுக்கு மேலே ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது, எல்லாரும் விமானம் இறங்குவதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அவரைச் சீண்ட ஆளில்லை. 1802 ஏப்ரல் 10-ந் தேதி அந்த மனிதர் பரங்கிமலை அடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் பக்கமாக ஏழரை மைல் நீள நேர்கோடு ஒன்றை அளக்க ஆரம்பித்தார். நூறு அடி இரும்புச் செயின், அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, பக்கத்திலேயே வெப்பமானி வைத்து, வெயிலில் இரும்பு எவ்வளவு நீண்டது என்று கணக்கில் கழித்துக்கொண்டே போயிருக்கிறார். இன்னொரு செயினைத் தரைக்கே கொண்டுவராமல் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்திருந்தார். யோசித்துப் பார், தன் செயின் பொய் சொல்லும் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டுதான் மனுஷன் வேலையையே தொடங்கியிருக்கிறார். நான் பொய் என்று நினைத்ததும் மறைத்தேன்.

1808-ல் தஞ்சாவூரில் நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும், உங்கள் பக்கத்து ஊர்தானே. சுற்றிலும் சமவெளி, தூரத்தைப் பார்க்க உயரம் வேண்டும் என்று பெரிய கோயில் கோபுரத்தில் தியோடலைட்டை, அதாவது கோணம் அளக்கும் கருவியை, ஏற்றினார்கள். அரை டன் கனம். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது, கோணம் பார்க்கும் வட்டம் நெளிந்துவிட்டது. லாம்டன் ஆறு வாரம் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு, மரச் சுத்தியலால் தட்டி, திருகு வைத்து இழுத்து, அந்த வட்டத்தை மறுபடி வட்டமாக்கினார். அந்தக் கருவியை வைத்துத்தான் மேலும் பல வருஷம் வேலை நடந்தது. நம் ஊரில் சைக்கிள் ரிம்முக்குக் கோட்டம் எடுப்பானே, அதே மாதிரி, ஆனால் இந்த ரிம்மை நம்பி ஒரு தேசத்தின் வரைபடம்.

அப்புறம் நான் சொல்ல வந்ததே இதுதான். லாம்டன் 1823-ல் போய்விட்டார், அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் என்பவர் அந்த வேலையை எடுத்து இமயமலை அடிவாரம் வரைக்கும் கொண்டுபோனார். மத்தியப் பிரதேசத்தில் கல்யான்பூர், வடக்கே முசாபர்நகர் பக்கம் கல்யாணா, இரண்டுக்கும் நடுவே சுமார் அறுநூறு கிலோமீட்டர். தரையில் முக்கோணம் முக்கோணமாக அளந்து வந்தால் ஒரு விடை, நட்சத்திரத்தைப் பார்த்து அட்சரேகை கணக்கிட்டால் வேறு விடை. வித்தியாசம் 5.236 விநாடி. கோணத்தில் சொல்கிறேன், தரையில் ஏறக்குறைய நூற்று அறுபது மீட்டர். அத்தனை பாடுபட்ட பிறகு இப்படி ஒரு மிச்சம். அதை அவர்கள் அறிக்கையில் அச்சிட்டார்கள்.

கல்கத்தாவில் பிராட் என்று ஒரு பாதிரியார், கணக்கில் கெட்டி. நேர்க்கீழ் எது என்று காட்டும் தூக்குக்குண்டை இமயமலை தன் பக்கம் இழுக்கிறது, அதனால்தான் நட்சத்திரக் கணக்கு பிசகுகிறது என்று அவருக்குத் தோன்றியது. மலையின் கனத்தைப் போட்டுக் கணக்குப் பார்த்தார். கிடைத்தது பதினைந்தே முக்கால் விநாடிக்கும் மேலே! இருக்க வேண்டியது பதினைந்து, இருப்பதோ ஐந்து. மலை இழுக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் இழுக்கிறது. பிராட் இதை எழுதியது 1855-ல். அதே வருஷம் ஏரி என்ற வானியலாளர் பதில் எழுதினார்: மலை வெறுமனே தரைமேல் உட்கார்ந்திருக்கவில்லை, தண்ணீரில் கட்டை மிதக்கிற மாதிரி மிதக்கிறது, மேலே தெரிவதற்கு ஏற்ப அடியில் கனம் குறைந்த வேர் இறங்கியிருக்கிறது, அதனால்தான் இழுப்பு குறைவு. பிராட் அப்புறம் தன் பங்குக்கு வேறு விளக்கம் சொன்னார், மலை உயர்ந்த இடத்தில் அடியில் அடர்த்தியே குறைவு என்று. பூமியின் மேலோடு மிதந்து சமநிலையில் நிற்கிறது என்ற படிப்பே அங்கிருந்துதான் கிளம்புகிறது, ஐசோஸ்டசி என்பார்கள், கயலுக்குத் தெரிந்திருக்கும். எவரெஸ்டின் ஆட்களில் எவனாவது ஒருத்தன் என்னை மாதிரி வெயிலும் பசியும் தாங்காமல் அந்த ஐந்து விநாடியை ‘சரி’ பண்ணியிருந்தால்?

நேர்மாறாக ஒருவர் இருந்தார், பாவம். பிரெஞ்சுக்காரர் மெஷேன். மீட்டர் என்ற அளவை உண்டாக்க டன்கிர்க்கிலிருந்து பார்சிலோனா வரை அளந்த இருவரில் ஒருவர், தெற்குப் பக்கம் இவருடையது. பார்சிலோனாவில் ஒரு கோட்டையில் அட்சரேகை பார்த்தார், அடுத்த குளிர்காலத்தில் கொஞ்ச தூரத்தில் ஒரு சத்திரத்தில் மறுபடி பார்த்தார். மூன்று விநாடிக்குக் கொஞ்சம் மேல் இடித்தது. யாரிடமும் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் அதை நெஞ்சில் சுமந்துகொண்டு, தாள்களைத் திருத்திக்கொண்டு, கடைசியில் மறுபடியும் ஸ்பெயினுக்கே அளக்கப் போய் 1804-ல் காய்ச்சலில் செத்துப்போனார். அவருடைய கூட்டாளி டெலாம்பர் தாள்களைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இத்தனைக்கும் மீட்டரில் இருக்கும் 0.2 மில்லிமீட்டர் குறைவுக்கு முக்கியக் காரணம் அவர் இல்லை, பூமி அவர்கள் நினைத்த வடிவத்தில் இல்லை என்பதுதான். கயல் அழுதாள் என்று நீ எழுதியதும் எனக்கு இவர் முகம்தான், பார்த்ததே இல்லை என்றாலும், கண் முன்னால் வந்தது.

இதைச் சொன்னால் என் மச்சான் உடனே பிடித்துக்கொள்வார். ‘பாத்தீங்களா, விஞ்ஞானம் தினம் ஒண்ணு பேசும், இதுக்கு எங்க பாட்டி சொன்னதே தேவலை’ என்று வாட்ஸ்அப்பில் போடுகிற ஆள். அவருக்கு நான் சொல்லும் பதில் எவரெஸ்ட் சிகரம். நூறு மைலுக்கு அப்பாலிருந்து பார்த்து ராதாநாத் சிக்தார் போட்ட கணக்கு, 1856-ல் வெளியானது 29,002 அடி. சரியாக 29,000 வந்ததாகவும், குத்துமதிப்பாகச் சொன்னதென்று நினைப்பார்களே என்று இரண்டு அடி சேர்த்ததாகவும் ஒரு கதை உண்டு. அதுவும் ஒரு வகையில் என் களப் புத்தகம்தான் போ. 1955-ல் இந்திய சர்வே 8,848 மீட்டர் என்றது. 2005-ல் சீனா பனியைக் கழித்துப் பாறையை மட்டும் பார்த்து 8,844.43 என்றது. உச்சி என்பது பாறையா பனியா என்று நேபாளத்துக்கும் சீனாவுக்கும் பேச்சு நடந்து, 2020 டிசம்பரில் இரண்டு பேரும் சேர்ந்து 8,848.86 என்று அறிவித்தார்கள். எண் மாறிக்கொண்டேதான் இருக்கிறது, மலையும் சும்மா இல்லாமல் வளர்கிறது. ஆனால் முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் வித்தியாசம் ஒன்பது மீட்டர்! இன்றைக்கு அளப்பவன் சென்டிமீட்டருக்குச் சண்டை போடுகிறான். மச்சானுக்கு மாறுவது மட்டும்தான் தெரிகிறது, எவ்வளவு குறைவாக மாறுகிறது என்பது தெரிவதில்லை.

அதனால் கயலிடம் சொல், முடிந்துபோன ஆராய்ச்சி என்று ஒன்றை நான் பார்த்ததில்லை, ஆனால் அவளுடையது கொடுக்கும் பதத்துக்கு வந்துவிட்டது. அந்த இரண்டு கிணற்றையும் எடுக்க வேண்டாம், அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். அடங்கவில்லை என்று தனியாக ஒரு பக்கம் எழுதி, என்றைக்கு, என்ன ஆழத்தில், எந்தக் கருவியால் அளந்தாள் என்று எல்லாவற்றையும் போட்டுவிடச் சொல். மணல்மேட்டுக்கு அடியில் மழைத்தண்ணீர் தேங்கி உப்புத்தண்ணீருக்கு மேலே நிற்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதுவாகக்கூட இருக்கலாம், இல்லை கயிற்றில் முடிச்சு நழுவியிருக்கலாம். அது இன்னொருத்தன் ஐந்து வருஷம் கழித்து வந்து பார்க்கட்டும். அவனுக்கு அந்தப் பக்கம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம், எடுத்துவிடு என்று சொன்ன ஆள் யார் என்று எனக்குத் தெரிய வேண்டாம், ஆனால் அவரோடு டீ குடிப்பதைக் குறைத்துக்கொள்ளச் சொல்.

இடது கண்ணை அடுத்த மாதம் எடுக்கலாம் என்கிறார்கள். அதற்குள் ஒரு நடை திருத்துறைப்பூண்டிக்கு வந்துவிட்டுப் போகலாம் என்று பார்க்கிறேன். கயலுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் அந்த இரண்டு கிணற்றையும் எனக்குக் காட்டட்டும். என் பழைய டேப் இன்னும் வீட்டில் இருக்கிறது, முதல் அரை மீட்டர் அறுந்துபோய்விட்டது, கழித்துக்கொள்ளலாம். கருவாடு நல்லதாகக் கிடைத்தால் எடுத்து வை, விஜயாவிடம் சொல்லாதே.

அன்புடன்,
ராஜு