294 மீட்டர்தானேன்னு சிரிச்சேல்லா

மாப்ள,

உன் மெயில் பாத்தேன். அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது நிம்மதி, சொட்டு மருந்த மட்டும் நேரத்துக்கு விடு, சீரியல நிறுத்தச் சொன்னா கேக்க மாட்டாங்கன்னு எனக்கே தெரியும். பாப்பாவுக்கு கோவைல சீட் கிடைச்சதுக்கு மாமா பரிசு ஒண்ணு பாக்கி இருக்குன்னு சொல்லிடு.

சரி, இப்ப என் கதைக்கு வரேன். லண்டனுக்குத் தெக்க இருக்கற லீத் ஹில் மலை போட்டோ அனுப்பினப்ப "294 மீட்டர்லாம் ஒரு மலையால, பொதிகை பாத்து வளந்த பயலுக்கு இதப் போட்டோ எடுக்க வெக்கமா இல்லையா"ன்னு சிரிச்சேல்லா? நானும் அப்படி நெனச்சுத்தான் போனேன். லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷன்ல சைக்கிளோட ட்ரெய்ன் ஏறினா ஒரு மணி நேரத்துக்குள்ள டார்கிங். ஊர் வாசல்லயே ரவுண்டானால பனைமர உசரத்துக்கு இல்லன்னாலும் ஆள் உசரத்துக்கு மேல ஒரு உலோகச் சேவல் நிக்கும், அந்த ஊர்க் கோழிக்கு கால்ல அஞ்சு விரலாம், அதான் பெரும. அங்கேர்ந்து ஐம்பது கிலோமீட்டர் சுத்தி வந்து பாக்ஸ் ஹில்னு இன்னொரு மலையையும் ஏறி இறங்கி அடிவாரத்துல முடிக்கணும், அவ்ளோதான் பிளான்.

நம்ம மாஞ்சோலை ரோடு நெனச்சுப் பாரு, பஸ் வளைஞ்சு வளைஞ்சு பொறுமையா ஏத்திக் கொண்டு போகும்ல, இங்க அந்தப் பேச்சே கிடையாது. பழைய வண்டித்தடம், அதுமேல தார் போட்டுருக்கான், மேடு வந்தா நேரா மேட்டுமேலயே ஏறுவான். கோல்ட்ஹார்பர் கிராமத்துக்குப் போற சந்து அப்படித்தான், காலங்காலமா வண்டியும் மழத்தண்ணியும் அறுத்து ரோடு ஓடை மாதிரி உள்ள போயிருச்சு, ரெண்டு பக்கமும் ஆள் உசரத்துக்கு மேல மண் சுவரு, அதுல மரத்து வேரெல்லாம் வெளிய தொங்குது, நடுவுல நான் சின்ன கியர்ல போட்டு மிதிக்கறேன் மிதிக்கறேன் வண்டி நகரவே மாட்டேங்குது. கொஞ்ச தூரம் இறங்கித் தள்ளிட்டுதான் போனேன், உன்கிட்ட பொய் சொல்லி என்ன ஆகப் போகுது.

அதுக்கு மேல லீத் ஹில். இந்த சர்ரே மாவட்டத்துல இதான் உசரமான இடம், ஆனா ஆயிரம் அடிக்கு முப்பத்தஞ்சு அடி குறையுது. ரிச்சர்ட் ஹல்னு ஒருத்தருக்கு அது பொறுக்கல, 1765ல மேல ஒரு கோபுரத்தக் கட்டி ஆயிரத்தத் தாண்ட வச்சுட்டாரு, செத்தப்புறம் அதுக்கு அடியிலயே புதைக்கவும் சொல்லிட்டாரு. வானம் தெளிஞ்சிருந்தா வடக்க லண்டன், தெக்க மலை இடுக்கு வழியா கடல் தெரியும். எனக்கு லண்டன் மட்டும் புகையாத் தெரிஞ்சுது, டீயும் கேக்கும்தான் தெளிவாத் தெரிஞ்சுது.

இறக்கத்துல விட்ட வண்டி ஆபிங்கர் ஹாமர்ல வந்து நின்னுது. ஊர்ப் பேர்லயே சுத்தியல், அந்தக் காலத்துல ஓடைத் தண்ணிய வச்சு சம்மட்டி ஓட்டி இரும்பு அடிச்ச ஊரு. ரோட்டுக்கு மேல நீட்டிக்கிட்டு ஒரு கடிகாரம், மணிக்கு மணி ஒரு கொல்லன் பொம்ம சுத்தியலால மணிய அடிக்கும். பன்னெண்டுக்கு பத்து நிமிஷம் இருந்துச்சு, பாத்துட்டே போவோம்னு நின்னுட்டேன். எவ்ளோ வேகமா போணும்னு என்னைப் பாத்துத் தெரிஞ்சுக்கன்னு அதுல எழுதி வேற வச்சிருக்கான், எனக்குன்னே எழுதின மாதிரி இருந்துச்சு.

ஷீர் தாண்டி கூம் பாட்டம் ஏத்தத்துலதான் மாட்டினேன். அந்தப் பக்கம் பூரா சுண்ணாம்பு மலை, உள்ள சிக்கிமுக்கிக் கல்லு, மழ பெஞ்சா கண்ணாடிச் சில்லு மாதிரி ரோட்டுல வந்து கிடக்கும், பின் டயர் புஸ்ஸுன்னு போச்சு. நம்மதான் ஸ்பேர் ட்யூப் வச்சிருக்கமேன்னு தெனாவெட்டா டயரக் கழட்டி ட்யூப எடுத்துப் போட்டா, வால்வு ஓட்டைக்குள்ள போகல! நான் வாங்கினது கார் டயருக்கு வர்ற தடி வால்வு, என் ரிம்முல இருக்கறது மெல்லிசு வால்வுக்கான ஓட்டை. பாக்கெட்டப் படிக்காம வாங்கினது நான்தான், யாரைத் திட்டறது? வால் ட்யூப் ரப்பர நாலணாவுக்கு வாங்கி எச்சில் தொட்டு மாட்டின கை இது, இங்க வந்து இப்படி முழிக்குது. போறவன் வர்றவன்லாம் எல்லாம் ஓகேவான்னு கேட்டுட்டே போறான், நானும் ரோஷத்துல ஓகே ஓகேன்னு தலையாட்டறேன், அஞ்சாவதா வந்த பொண்ணு என் கையில இருந்த ட்யூபப் பாத்ததும் சிரிச்சுட்டு நின்னுருச்சு. அது பையிலேர்ந்து ஒரு ட்யூப எடுத்துக் குடுத்துட்டு, காசு நீட்டினா கைய ஆட்டிட்டு ஏத்தத்துல எழுந்து நின்னு மிதிச்சுக்கிட்டே போயிருச்சு. அதே ஏத்தத்த நான் உக்காந்து மிதிக்கவே கண்ணு இருட்டிட்டு.

ரான்மோர் மேல வந்துட்டா சுகம்தான், புல்வெளி, தேவாலயக் கோபுரம், அப்புறம் நேரா வெஸ்ட்ஹம்பிள் இறக்கம், பிரேக்குலேர்ந்து கைய எடுக்கல. கடைசியா பாக்ஸ் ஹில். 2012 ஒலிம்பிக்ஸ் சைக்கிள் ரேஸ்ல ஆம்பளைங்க ஒம்போது தடவ ஏறினாங்களே, அதே ரோடு. இது ஒண்ணுதான் நம்ம ஊர் மலைப்பாதை மாதிரி கொண்டை ஊசி போட்டு மரியாதையா ஏத்தி விடுது, வழுவழுன்னு தாரு. ஒம்போதுல ஒண்ணு நான் முடிச்சுட்டேன், எழுதி வச்சுக்க. மேல காட்டுக்குள்ள ஒரு ராணுவ மேஜரோட கல்லற இருக்கு, 1800ல அவர தலகீழா புதைச்சாங்களாம், உலகமே தலகீழா இருக்கு, ஒரு நாள் அது பொரளும்போது நான் நேரா நிப்பேன்னு சொல்லிட்டுப் போனாராம். ஒரு பக்கம் கோபுரத்தடியில ஒருத்தர், இன்னொரு பக்கம் இவரு! என்ன மண்ணோ அந்த மண்ணு.

ஒனக்கு சுகர் இருக்குன்னு எழுதிட்டு அடுத்த வரியிலயே கிரிக்கெட்டுக்குத் தாவிட்ட, நான் கவனிச்சேன். கியர் சைக்கிள் வாங்கினியே, அதுல தங்கச்சி துண்டு காயப் போடுதாமே, போன்ல அதுவே சொல்லிச்சு. அப்பாவோட சைக்கிள்ல குரங்குப் பெடல் போட்டு பாபநாசம் வரைக்கும் போனவன்ல நீ, பின்னாடி கேரியர்ல உக்காந்து நான் கத்துனது ஞாபகம் இருக்கா? செயினுக்கு எண்ண விட்டியா இல்லையா, அத மட்டும் அடுத்த மெயில்ல எழுது.

உன் பழைய டபுள்ஸ்