காலடி ஓசை ஆண்டு: செயலாளர் அறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் ஒலிப்பதிவாளர் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தபடி, பதுங்கிச் சென்று ஆடும் வீடியோ கேம்களுக்கான ஒலிகளையே ஆண்டு முழுவதும் எடுத்துக்கொண்டோம். இந்த வகை கேமில் ஒவ்வொரு காலடியையும் இருவர் கேட்கிறார்கள்: ஆடுபவர், கேமுக்குள் இருக்கும் காவலாளி. ஆடுபவரின் காதுக்கே எட்டாத ஓசைக்குக் காவலாளி திரும்பிப் பார்த்தால், ஆடுபவர் அடுத்த நிமிடம் கேமை மூடிவிடுவார்.

முதல் இரண்டு கூட்டங்களிலும் 'தீஃப்: தி டார்க் ப்ராஜெக்ட்' கேமை ஆடியே கற்றோம். லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ் 1998இல் உருவாக்கியது. ஒலி வடிவமைப்பு எரிக் பிரோசியஸ். அதில் கம்பளம் காலடியை விழுங்கும், இரும்புத் தட்டு காட்டிக்கொடுக்கும். பாசி அம்பு எய்து தரையை மெத்தென்று ஆக்கிக்கொண்டு நடக்கலாம். ஒலி சுவரைத் துளைத்து வராது. வாசல் வழியாக அறை அறையாகச் சுற்றி வரும். காவலாளி எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடிந்தது. 2005இல் வந்த 'ஸ்ப்ளிண்டர் செல்: கேயாஸ் தியரி'யில் சுற்றுப்புற இரைச்சலுக்கும் ஓர் அளவுகோல் உண்டு. இயந்திரம் ஓடும் அறையில் அந்த இரைச்சலுக்குள்ளேயே ஒளியலாம்.

பிறகு நாமே பதிவில் இறங்கினோம். வாடகைக்கு எடுத்த அரங்கில் இரண்டு நாள் உழைப்பு வீணானது. மெல்லிய ஓசையைப் பிடிக்க கெயினை (மைக்கில் வரும் ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றியபோது, மாடியில் ஓடிய தண்ணீர் மோட்டாரின் ரீங்காரமும் கூடவே ஏறியது. எடிட்டிங்கில் அதை நீக்கினால் காலடியின் உயிரும் போய்விட்டது.

ஜனவரியில், விடிவதற்கு முன், உறுப்பினர் ஒருவரின் தோப்பில் தேக்குச் சருகில் நடந்து பதிவு செய்தோம். ஆண்டின் பெரிய பாடம் அங்கேதான் கிடைத்தது. அதுவரை பதுங்கு நடைக்குச் சாதாரண நடையின் வால்யூமைக் குறைத்து வைத்திருந்தோம். யாரோ தூரத்தில் நடப்பதுபோல் இருந்தது. சருகில் குதிகால் முதலில் பட்டால் 'சரக்'கென்று ஒரே முறிவு. பாதத்தின் வெளிவிளிம்பை வைத்து மெல்ல எடையை இறக்கினால், பொடிப்பொடியாகப் பத்துப் பதினைந்து நொறுங்கல்கள், நடுவே ஒரு தயக்கம், பிறகு துணி உரசும் ஓசை. பயந்து நடப்பவனின் நடை அது. ஹெட்போனில் அதைக் கேட்ட எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதை மறக்க முடியாது.

ஒரே பதிவைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் காது உடனே கண்டுபிடித்துவிடும். எனவே ஒவ்வொரு தரைக்கும் பல பதிவுகள் எடுத்து, சுருதியைச் சற்றே மாற்றி மாற்றி வைத்தோம். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வரும் பேச்சில் கீச்சான பகுதியை வெட்டினோம். முணுமுணுப்பு மட்டும் மிஞ்சியது.

திறந்தவெளிப் பதிவுகளில் காற்று பெரும் தொல்லை. மைக்குக்குக் காற்றுத்தடுப்பு உறை வாங்கவும், வரும் ஆண்டில் ஈரத்தரை, ஓட்டுக்கூரை ஓசைகளைப் பதிவு செய்யவும் ஒப்புதல் கோருகிறேன்.

தோப்பைத் தந்த உறுப்பினருக்கும், பனியில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கும் நன்றி. அறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்