எடின்பரோவிலிருந்து அம்மா

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீ டொரண்டோவிலிருந்து அனுப்பிய ஜாக்கெட் மட்டும் இல்லையென்றால் வேவர்லி ஸ்டேஷன் படிக்கட்டோடு திரும்பி வந்திருப்பேன், அப்படி ஒரு காற்று. நம் இலங்கை மலைநாட்டு ஹட்டன் குளிரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு குளிரா என்று உன்னிடம் பீற்றிக்கொண்டேனே, அது தப்புதான். அந்த ஸ்டேஷனுக்குப் பேரே வால்டர் ஸ்காட் எழுதின நாவல்களிலிருந்து வந்ததாம். வெளியே வந்தால் அவருக்குக் கோபுரம் மாதிரி ஒரு நினைவுச் சின்னம், 61 மீட்டர், 287 படி. நான் ஏறவில்லை, என் முழங்கால் உனக்குத் தெரியும்.

சரி, வந்த வேலைக்கு வருகிறேன். ஸ்காட்லாந்துத் தேசிய நூலகம் இருக்கிற தெருவே ஒரு பாலம். அதனால் முன்வாசலில் நுழைந்தால் தரைத்தளம் என்று நினைப்போம், ஆனால் கட்டடம் கீழே கவ்கேட் என்கிற பள்ளத்துத் தெரு வரை இறங்கிப் போகிறது. நம் பக்கம் மலைச்சரிவில் கட்டின வீடுகள் மாதிரியேதான். கார்டு இலவசம். பையை லாக்கரில் வைக்க வேண்டும், பேனா கூடாது, பென்சில்தான். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தவள் ஸ்கொலர்ஷிப் எழுதுகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பார்க்க வந்தது ஜேம்ஸ் டெய்லர் வீட்டுக்கு எழுதின கடிதங்களை. இலங்கையில் வியாபாரத்துக்குப் போட்ட முதல் தேயிலைத் தோட்டம், 1867, லூல்கந்துர, 19 ஏக்கர் என்று உன்னை மனப்பாடம் பண்ண வைத்தேனே, அதே டெய்லர். பதினாறு வயதில், வருஷத்துக்கு நூறு பவுண் சம்பளத்துக்கு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கப்பல் ஏறின ஸ்காட்லாந்துப் பையன். 1852இல் வந்து இறங்கினவர், 1892இல் வயிற்றுக்கடுப்பில் அங்கேயே செத்துப்போகும்வரை ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பவில்லை. லீவு என்று வெளியே போனது டார்ஜிலிங்குக்கு, அதுவும் அங்கே தேயிலை எப்படிப் போடுகிறார்கள் என்று பார்க்க. இதைப் படிக்கும்போது எனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று உனக்கே தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு வருஷம் ஆச்சு.

என் நாவலில் வருகிற வெள்ளைக்காரத் தோட்ட மேனேஜரை, அந்தப் பெரியதுரையை, இந்தத் தாள்களில் தேடத்தான் வந்தேன். ஆனால் சாய்ந்த எழுத்தைக் கண்ணாடி போட்டு எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வந்தது, துரை மேல்கூட இல்லை, கடிதங்கள் இருந்த அந்தப் பெட்டி மேல். ஒரு பையன் அப்பாவுக்கு எழுதினதை நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். தோட்ட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்ப் பக்கம் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்களே நம் ஆட்கள், பாதி வழியிலேயே காலராவில் விழுந்தார்களே, அவர்களில் யாராவது ஊருக்கு ஒரு வரி எழுதியிருந்தால் அது எந்தப் பெட்டியில் இருக்கும்? எழுதத் தெரிந்தால்தானே.

நம் குடும்பத்துக்கு மிஞ்சினது அம்மாயி சொன்ன புளியங்கொட்டைக் கதை ஒன்றுதான். அவளுடைய பாட்டி முந்தானையில் ஏழு கொட்டை முடிந்துகொண்டு வந்து லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பின்னால் ஊன்றினாளாம். அந்தக் குளிரில் ஒன்றும் முளைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் விடிகாலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்குப் போகுமுன் போய் மண்ணைக் கிளறிப் பார்ப்பாளாம். அப்புறம் நான் நோட்டில் டெய்லரை விட்டுவிட்டு இந்தக் கதையைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். மேசைக்கு நேர் எதிரே இருந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், அழுதிருப்பேன் போல.

மத்தியானம் வெளியே வந்து கடுதாசிக் கப்பில் தேநீர் வாங்கிக்கொண்டு நிற்கிறேன், சாயம் பரவாயில்லை, டமார் என்று ஒரு வெடி. கப்பைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். 83 கலவரத்தில் பட்டது உடம்பை விட்டுப் போகவில்லை பார். கோட்டையிலிருந்து ஞாயிறு தவிர தினமும் ஒரு மணிக்கு பீரங்கி சுடுவார்களாம், கப்பல்காரர்கள் கடிகாரம் சரிபார்ப்பதற்காக 1861இல் ஆரம்பித்த வழக்கம். ஒரு கிழவி சிரித்துக்கொண்டே வந்து எனக்கு இன்னொரு கப் வாங்கிக் கொடுத்தாள்.

நாளைக்கு அடுத்த கட்டு. ஞாயிற்றுக்கிழமை பீரங்கியும் இல்லை, நூலகமும் இல்லை, நான் ரூமில்தான் இருப்பேன். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், நாலு வரி எழுது.

அம்மா