மீதிக் கட்டுரையை எங்கே போய்ப் படிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் உணவகத் துறையின் புதிய போக்குகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பாதி வரை படித்தேன் என்பதுதான் சரி. காரணத்தை அப்புறம் சொல்கிறேன். வாடிக்கையாளர்கள் இப்போது ஊழியர்களிடம் பேசுவதையே தொந்தரவாக நினைக்கிறார்களாம், அதற்கேற்ப உணவகங்கள் மாறுகின்றனவாம். போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான். எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

நான் 31 வருடம் சர்வராகவும் பிறகு கேப்டனாகவும் நின்றவன். நின்றவன் என்றால் நின்றவன்தான், முழங்காலைக் கேட்டால் சொல்லும். பேசப் பிடிக்காதவர்கள் அன்றும் வந்தார்கள். முகத்தைப் பார்த்தாலே தெரியும், தண்ணீரை வைத்துவிட்டு ஒதுங்கிவிடுவேன். அதுவும் வேலையில் சேர்த்திதான். ஆனால் இது என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா, குழந்தைக்குப் பாதி அளவு கிடைக்குமா, வண்டிக்கு நேரமாகிவிட்டது எது சீக்கிரம் வரும் என்று யாராவது கேட்காமல் ஒரு நாளும் போனதில்லை.

போன மாதம் எங்கள் திருமண நாள். மனைவியோடு ஓர் உணவகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம், அங்கும் என்னைப் போல நாலு பேர் பிழைக்கிறார்கள். மேசையில் மெனு அட்டை இல்லை, ஒரு க்யூஆர் ஸ்டிக்கர். ஸ்கேன் செய்தால் முதலில் பெயர் கேட்டது, பிறகு மொபைல் எண், பிறகு பிறந்த தேதி. இத்தனை வருடத்தில் நான் யாரிடமும் பிறந்த தேதி கேட்டுவிட்டுச் சாப்பாடு போட்டதில்லை. எழுத்து எறும்பு அளவு. விரலால் பெரிதாக்கினால் விலை திரையை விட்டு ஓடிவிடும். மனைவி கண்ணாடியை மறந்து வந்திருந்தாள். நான் வாசித்துக்கொண்டே போக அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். திருமண நாளில் நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

பில்லோடு சேர்ந்து, சேவைக்கு எத்தனை சதவீதம் டிப்ஸ் என்று மூன்று பொத்தான்கள். ஆர்டர் எடுத்தது நான், சரிபார்த்தது நான். நியாயப்படி அந்த டிப்ஸ் எனக்கல்லவா வரவேண்டும்? தட்டு எடுக்க வந்த பையனிடம், இந்தப் பணம் உங்களுக்கு வருகிறதா என்று கேட்டேன். "எங்களுக்கே தெரியாது சார்" என்றான்.

அந்த க்யூஆர் கட்டத்தை 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்கத்தான் உருவாக்கினார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கொரோனாவின்போது மெனு அட்டையைத் தொடக்கூடாது என்று மேசைக்கு வந்தது. கொரோனா அடங்கியது, ஸ்டிக்கர் ஒட்டியபடியே இருக்கிறது. ஆளைக் குறைக்கலாம், அச்சுச் செலவு இல்லை, விலையை நினைத்த நேரத்தில் மாற்றலாம். முதலாளிக்கு வசதி என்று சொல்லிவிட்டுப் போங்களேன். வாடிக்கையாளர் கேட்டார் என்று எங்கள் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

அப்புறம், இதெல்லாம் 'புதிய' போக்காம். அமெரிக்காவில் ஹார்ன் அண்டு ஹார்டார்ட் 1902இலேயே காசு போட்டால் கண்ணாடிக் கதவு திறக்கும் ஆட்டோமேட் உணவகத்தை ஆரம்பித்துவிட்டார்கள். சுவருக்குப் பின்னால் ஆட்கள் ஓடி ஓடி அந்தப் பெட்டிகளை நிரப்பினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நியூயார்க்கில் இருந்த கடைசி ஆட்டோமேட்டும் 1991இல் மூடியாயிற்று. ரோபோக்களை வைத்து 2015இல் ஜப்பானில் திறந்த ஹென் நா ஹோட்டல், 2019க்குள் அவற்றில் பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அறையில் இருந்த பொம்மை, விருந்தினரின் குறட்டையைக் கேள்வி என்று நினைத்து நடுராத்திரியில் திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்டு எழுப்பியதாம். என் ஆட்கள் ஆயிரம் தப்பு செய்திருப்பார்கள், அதை மட்டும் செய்ததில்லை.

தங்கும் விடுதிகள் மட்டும் என்ன வாழ்கின்றன? பூமியைக் காப்பாற்றத் துண்டை மறுபடி பயன்படுத்துங்கள் என்று குளியலறையில் ஓர் அட்டை. அந்த அட்டையைப் பார்த்து எரிச்சலாகித்தான் அமெரிக்கச் சூழலியலாளர் ஜே வெஸ்டர்வெல்ட் 1986இல், சூழலைக் காப்பதாகப் பாசாங்கு செய்வதற்கு 'கிரீன்வாஷிங்' என்ற சொல்லையே உண்டாக்கினார். சலவைச் செலவு மிச்சம் என்று எழுதியிருந்தால் நானே இரண்டு நாள் அதே துண்டில் துடைத்திருப்பேன்.

டெலிவரி தாமதமானதற்கு, சமைத்தவனின் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் விழுவது பற்றி மூன்று வருடம் முன்பு தங்களுக்கு எழுதினேன். வெளியிடவில்லை. இடமில்லாமல் போயிருக்கும், நான் தவறாக நினைக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையின் பாதியில், தொடர்ந்து படிக்க ஸ்கேன் செய்யவும் என்று அதே கட்டத்தைப் போட்டிருக்கிறீர்கள். 22 வருடமாகச் சந்தா கட்டிக் காகிதத்தில் படிப்பவன் நான். சர்வர்கள் பக்கத்து நியாயமும் அந்த மீதியில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை. தயவுசெய்து அதை அச்செடுத்துத் தபாலில் அனுப்புங்கள். தபால்தலை ஒட்டி, முகவரி எழுதிய உறையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு சர்வர்