காருக்கு அடியில் போகாமலே ஆயில் மாற்றலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாகனப் பக்கத்தில் வீட்டிலேயே ஆயில் சேஞ்ச் செய்வது எப்படி என்று ஒரு குறிப்பு போட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டுக் காருக்கு ஆறு வருடமாக நானே ஆயில் மாற்றுகிறவன் என்பதால் ஆசையோடு படித்தேன். ஆனால் இரண்டாவது வரியிலேயே, ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கிவிட்டு அடியில் படுத்து, பழைய ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றச் சொல்லியிருந்ததைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

காரோடு டிக்கியில் வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அதன் மேல் நிற்கும் காருக்கு அடியில் கையைக்கூட விடக் கூடாது என்று காரோடு தரும் புத்தகத்திலேயே எழுதியிருப்பார்கள். சின்ன கார் என்றாலும் எண்ணூறு, தொள்ளாயிரம் கிலோ வரும். நம் வீட்டு வாசலில் தரை எங்கே சமமாக இருக்கிறது? பாதி சிமென்ட், பாதி மண், நடுவில் சாக்கடை மூடி. இரும்பு ஸ்டாண்ட் முட்டுக் கொடுத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பழக்கம் உண்டு. முதல் தடவையாக உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குகிறவரிடம் ஸ்டாண்ட் எங்கே இருக்கும்?

அடியில் போகாமல் மேலிருந்தே ஆயிலை எடுக்க ஒரு பம்ப் இருக்கிறது, அதைப் பற்றி உங்கள் குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை. ஆயில் உறிஞ்சும் பம்ப் என்று கேட்டால் ஆன்லைனிலும், பெரிய டூல்ஸ் கடைகளிலும் கிடைக்கிறது. ஆறேழு லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் டப்பா, மேலே சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு கைப்பிடி, கூடவே சன்னமான ஒரு குழாய், அவ்வளவுதான். கைப்பிடியை இருபது முப்பது தடவை இழுத்து அடித்தால் டப்பாவுக்குள் காற்று குறையும். ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக் இருக்கும் துளை வழியாகக் குழாயை சம்ப், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி, அதன் அடிவரை இறக்கிவிட்டால் வெளிக்காற்றின் அழுத்தமே ஆயிலை மேலே தள்ளிவிடும். எனக்கு நாலாயிரத்துச் சொச்சம் ஆனது. அது இந்த ஆறு வருடத்தில் எத்தனை லேபர் சார்ஜை மிச்சம் பிடித்தது என்று நான் கணக்குப் பார்க்கவில்லை, அதற்காக வாங்கவும் இல்லை.

வாங்கியதற்குக் காரணம் வேறு. ஒரு சர்வீஸுக்கு விட்டு எடுத்து வந்த மறுநாள் காலையில் கார் நின்ற இடத்தில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கரும்பொட்டு இருந்தது. அட்டையை வெட்டி அடியில் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் அது உள்ளங்கை அகலத்துக்குப் பரவி, நடுவில் தேன் நிறமும் ஓரத்தில் கறுப்புமாக ஊறியிருந்தது. வேறொரு மெக்கானிக்கிடம் காட்டியபோது டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: காற்றழுத்தத்தில் ஓடும் கன்னால் டிரெயின் போல்ட்டை முறுக்கோ முறுக்கென்று முறுக்கியிருக்கிறார்கள், பழைய வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள், சம்ப் அலுமினியம் என்பதால் மரை போய்விட்டது. அந்தக் கடையின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே வேலை செய்த பையன் வேண்டுமென்று செய்திருக்க மாட்டான், ஒரு நாளைக்கு எத்தனை வண்டி பார்க்கிறானோ. ஆனால் புது சம்ப் வாங்கி மாட்டிய செலவு என்னுடையது. அன்றைக்கு அந்த மெக்கானிக்தான், "போல்ட்டையே தொடாம மேலேருந்து உறிஞ்சி எடுக்கலாம் சார்" என்று இந்தப் பம்பைப் பற்றிச் சொன்னார்.

இது புதுசாக யாரோ கண்டுபிடித்த குறுக்குவழி இல்லை. படகுக்குள் பொருத்திய டீசல் எஞ்சினுக்கு அடியில் கை நுழைய இடம் இருக்காது என்பதால் அவற்றில் காலங்காலமாக மேலிருந்து பம்ப் போட்டுத்தான் ஆயில் எடுக்கிறார்கள். மெர்சிடிஸ் ஒர்க் ஷாப்களிலும் மேலிருந்து உறிஞ்சி எடுக்கும் வழக்கம் உண்டு. முதலில் வந்த ஸ்மார்ட் என்ற குட்டிக் காரின் பெட்ரோல் எஞ்சினில் டிரெயின் போல்ட்டே கிடையாது, உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும்.

செய்கிற விதத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவசரப்பட்டால் இதிலும் சொதப்பும். ஆயில் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சாதாரண 5டபிள்யூ-30 ரக எஞ்சின் ஆயிலை எடுத்துக்கொண்டால் 100 டிகிரியில் இருக்கும் கெட்டித்தன்மையைவிட 40 டிகிரியில் அது ஐந்தாறு மடங்கு அதிகம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் குழாயை விட்டால் கை வலிக்க அடித்தாலும் நூல் மாதிரித்தான் ஏறும். அதற்காக நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்த கையோடு செய்யவும் கூடாது, குழாய் இளகிவிடும், கையும் பொத்துப்போகும். பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, அணைத்து, இன்னும் ஒரு பத்து நிமிடம் விட்டால் மேலே ஒட்டியிருக்கும் ஆயிலும் சம்புக்கு இறங்கிவிடும், சூடும் பதமாக இருக்கும். அதற்குள் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

குழாயை இறக்கும்போது அடியில் முட்டுவது கையில் தெரியும். முட்டிய பிறகும் தள்ளினால் நுனி வளைந்து மேல்நோக்கித் திரும்பிவிடும், அப்புறம் ஆயிலுக்குப் பதில் காற்றுதான் வரும். முட்டியதும் ஒரு மயிரிழை மேலே தூக்கினால் போதும். குழாய் நுனியைச் சாய்வாக வெட்டிக்கொண்டால் சம்ப் அடியில் ஒட்டிக்கொள்ளாது. சரியாக விழுந்துவிட்டால் அந்த வெள்ளைக் குழாயில் கறுப்பு விறுவிறுவென்று ஏறி வருவதைக் கண்ணால் பார்க்கலாம். கடைசியில் இளநீர் தீரும்போது ஸ்ட்ரா போடுமே, அந்த மாதிரி ஒரு கர்ர் சத்தம் வரும். அது வந்ததும் நிறுத்திவிடாமல் குழாயை இரண்டு மூன்று தடவை லேசாகத் திருப்பி வேறு இடத்தில் விட்டுப் பாருங்கள், இன்னும் கொஞ்சம் வரும்.

மேலிருந்து எடுத்தால் அடிக்கசடு தங்கிவிடாதா என்று எங்கள் தெருவில் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. முதல் தடவை பம்பில் எடுத்து முடித்த பிறகு, அந்த மெக்கானிக்கின் கடைக்கே மெதுவாக ஓட்டிப் போகலாமா என்றால் ஆயில் இல்லாமல் ஓட்ட முடியாது, அதனால் அவர் கடையில் வைத்தே பம்ப் போட்டு, உடனே லிஃப்டில் தூக்கி டிரெயின் போல்ட்டைத் திறந்து பார்த்தோம். ஒரு டீ கிளாஸில் பாதிகூட வரவில்லை. எல்லாக் காரிலும் இப்படியே இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், சம்பின் வடிவத்தைப் பொறுத்தது. அதனால் எடுத்த ஆயிலை அளந்து பாருங்கள், புத்தகத்தில் போட்டிருக்கும் அளவோடு ஒத்துப்பாருங்கள். அரை லிட்டர், முக்கால் லிட்டர் குறைந்தால், ஒன்று எஞ்சின் ஆயில் குடிக்கிறது, இல்லை குழாய் அடிக்குப் போகவில்லை. புது ஆயில் ஊற்றும்போதும் டப்பாவை அப்படியே கவிழ்க்காமல் கொஞ்சம் குறைவாக ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு அணைத்து, சில நிமிடம் கழித்து ஸ்டிக்கைப் பார்த்துத்தான் மீதியை ஊற்ற வேண்டும்.

ஆயிலை வடிகட்டும் ஃபில்டர் விஷயத்தில் பம்ப் ஒன்றும் உதவாது. எங்கள் காரில் அது மேலிருந்தே கைக்கு எட்டுகிறது, அது அதிர்ஷ்டம். பல கார்களில் கீழேதான் இருக்கும். அப்படி இருந்தால் ஃபில்டரை விட்டுவிட்டு ஆயிலை மட்டும் மாற்றி மனசைத் தேற்றிக்கொள்ளக் கூடாது, லிஃப்ட் இருக்கும் கடையில் கொடுத்துவிடுவதே மேல். ஆயில் ஸ்டிக்கே இல்லாத புது மாடல்கள் இருக்கின்றன, அவற்றுக்கும் இது ஆகாது. வாரண்டியில் இருக்கும் வண்டியில் கை வைக்க வேண்டாம். ஆயில் எடுத்த அதே பம்பைப் பிரேக் ஆயில் எடுக்கவும் பயன்படுத்திவிடாதீர்கள், ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் கலந்தாலும் பிரேக்கில் இருக்கும் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். பெட்ரோல் உறிஞ்சவும் கூடவே கூடாது.

உங்கள் குறிப்பின் கடைசி வரியில் "பழைய எண்ணெயைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்தவும்" என்று போட்டிருந்தது. எங்கே அப்புறப்படுத்துவது? எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். பம்பில் எடுத்தால் ஆயில் ஒரு சொட்டு தரையில் சிந்தாமல் டப்பாவுக்குள் போய்விடுகிறது, அங்கிருந்து கேனுக்கு மாற்றி மூடிவிடலாம். சுத்தமாக, மூடி போட்ட கேனில், மூன்று லிட்டர் கறுப்பு ஆயில். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எங்கே போவது?

நம் ஊரில் அது எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். வீடு கட்டும் இடத்தில் சென்ட்ரிங் பலகைக்குத் தடவுகிறார்கள், கரையானுக்கு என்று நிலைக்கதவில் பூசுகிறார்கள், மரத்தூளை நனைத்துப் பந்தாக்கிக் கொசுவுக்கு என்று தேங்கிய தண்ணீரில் போடுகிறார்கள், மீதி சாக்கடைக்கு. ஓடி முடித்த ஆயிலில் எஞ்சின் தேய்ந்த உலோகத் துகளும், எரிந்த எரிபொருளின் நச்சும் கலந்திருக்கிறது. சோதனை எலிகளின் தோலில் தொடர்ந்து தடவியதில் புற்றுநோய் வந்திருக்கிறது. கதவுக்குப் பூசுகிற ஆசாரி கையுறை போட்டா பூசுகிறார்? ஒரு தடவை மாற்றும் ஆயில் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. நம் கணக்கில் அது சுமார் 38 லட்சம் லிட்டர். தண்ணீரில் எண்ணெய் கலந்தால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் மக்கள் பார்த்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகும் வீட்டுச் சுவரில் கறுப்புக் கோடு அப்படியே நின்றது.

இத்தனைக்கும் இந்த ஆயில் வீணான பொருள் இல்லை. சுத்திகரித்தால் மறுபடியும் மசகு எண்ணெய்க்கு அடிப்படை எண்ணெயாக ஆகிவிடும். அதற்குச் சட்டமும் வந்துவிட்டது. 2023 செப்டம்பரில் திருத்திய அபாயக் கழிவு விதிகள், விற்கிற ஆயிலுக்கு ஈடாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2024 ஏப்ரல் 1 முதல் உற்பத்தியாளர்கள் மேல் வைக்கின்றன. முதல் வருடம் 5 சதவீதம், படிப்படியாக ஏறி 2029-30-ல் 50 சதவீதம். நல்லதுதான், ஆனால் சேகரிக்க வருகிறவர்கள் பீப்பாய்க் கணக்கில் வைத்திருக்கும் ஒர்க் ஷாப்பைத் தேடித்தான் போவார்கள், என் மூன்று லிட்டர் கேனுக்காக யாரும் வீடு தேடி வரமாட்டார்கள்.

வீட்டுக்காரனுக்கும் ஒரு வழி 2016-லேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்த வருடத்துத் திடக்கழிவு மேலாண்மை விதிகளில், வீட்டில் சேரும் அபாயக் கழிவை வாங்கிக்கொள்ள 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வேண்டும் என்று இருந்தது. பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, டியூப் லைட், பேட்டரி, காலாவதியான மருந்து என்று பட்டியல் போட்டிருந்தார்கள். எஞ்சின் ஆயில் என்று பெயர் சொல்லியிருக்கவில்லை, ஆனால் பட்டியல் "முதலியன" என்றுதான் முடிந்தது. 426 சதுர கிலோமீட்டர் இருக்கும் சென்னைக்குக் கணக்குப் போட்டால் 22 மையம் வரும். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு நான் கேட்பது அவ்வளவுகூட இல்லை. ஒவ்வொரு ஊரிலும் ஆயில் விற்கிற கடைகளில் ஒன்றிரண்டாவது, "பழைய ஆயில் இங்கே வாங்கிக்கொள்ளப்படும்" என்று ஒரு பலகையும் ஒரு பீப்பாயும் வைக்கட்டும். வாங்கிப் போகிறவனே கொண்டுவந்து கொடுப்பான், காசு கேட்கமாட்டான்.

இப்போதைக்கு நான் புது ஆயில் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி, மேலே தேதி எழுதி, பம்ப் சொல்லிக்கொடுத்த அந்த மெக்கானிக்கின் பீப்பாயில் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். அவர் தெரிந்தவர் என்பதால் வாங்கிக்கொள்கிறார்.

அடுத்த ஞாயிறு அந்தக் குறிப்பைத் திருத்திப் போடுங்கள். ஜாக்கியை எடுத்துவிடுங்கள், பம்பைச் சேருங்கள். "பாதுகாப்பாக அப்புறப்படுத்தவும்" என்ற வரிக்குப் பதில், எந்தெந்த ஊரில் யார் பழைய ஆயிலை வாங்கிக்கொள்கிறார்கள் என்று உங்கள் நிருபர்கள் விசாரித்து முகவரியோடு போட்டால், நான் வெட்டி எடுத்து எங்கள் தெருவில் கார் வைத்திருக்கும் பதினோரு வீட்டுக்கும் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
திருச்சி