மருமகனுக்கு நீ சொன்ன புத்தி

இணுவில்,
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் நலம். அக்காவின் முழங்கால் மட்டும் பழைய கதைதான். தைப்பொங்கலுக்குப் பிறகு கடிதம் இல்லை என்று ஏசாதே, உன்னிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. இப்போதும் பாசம் பொங்கி எழுதவில்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன்.

என் மருமகனுக்குப் போனில் என்ன சொன்னாய்? "கண்ணை மூடிக்கொண்டு ஹைபிறிட் வாங்கு" என்றாயாம், பெற்றோல் எஞ்சினும் பற்றரி மோட்டரும் சேர்ந்து ஓட்டுகிற கார். பெடியன் அன்றைக்கு மூடிய கண்ணை இன்னும் திறக்கவில்லை. ஹொண்டா வெசெல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறான், லீசிங்குக்கும் கதைத்துவிட்டான். நான் வாயைத் திறந்தால், "ரொறன்ரோ மாமா இவ்வளவு காலமாக ஓடுகிறார், ஒரு பிரச்சினையும் இல்லையாம்" என்று முடித்துவிடுகிறான். கணக்குப் பாடத்தில் கேற்றடி மாஸ்டரிடம் நீ வாங்கியதெல்லாம் அவனுக்குத் தெரியாது. சொல்லிவிடட்டா?

நீ வாங்கினது புதுக் கார். பற்றரிக்கு 10 வருடம் அல்லது 240,000 கிலோமீற்றர் வரை கொம்பனி பொறுப்பு. பனிக்காலத்தில் ஹீற்றருக்காக எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது, பெற்றோல் கூடப் பிடிக்கிறது என்று நீ புலம்பியது ஞாபகம் இருக்கிறது, ஆனால் அதோடு உன் கவலை முடிந்தது. இங்கே கதை வேறு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை மூடினார்கள், 2025 பெப்ரவரியில்தான் சொந்தப் பாவனைக் கார்களுக்குத் திறந்தார்கள். இப்போது வருகிறவற்றின் விலையை வரியோடு கேட்டால் எங்களைப் போன்ற ஆட்களுக்குத் தலை சுற்றும். ஆகவே பெடியன் வாங்கப்போவது ஜப்பானில் ஒருவன் ஓடி, கொழும்பில் இருவர் ஓடி, மீற்றர் எத்தனை தரம் பின்னுக்குப் போனதென்று கடவுளுக்கு மட்டும் தெரிந்த ஒரு பழைய வண்டி. வெசெல் ஜப்பானில் வந்ததே 2013 கடைசியில். முதல் தொகுதிகளை அந்தக் கியர்ப்பெட்டி விவகாரத்துக்காகக் கொம்பனியே திருப்பி அழைத்துச் சரிசெய்தது. அப்படிப்பட்ட வண்டிக்கு லீசிங் கட்டி முடிக்கும்போது பற்றரிக்கு என்ன வயதிருக்கும் என்று அவனைக் கேட்டேன். "மாமா, நீங்கள் நெகற்றிவ்" என்கிறான்.

எனக்கு இது வாசித்து வந்த அறிவு இல்லை. வெள்ளைச்சி, அதுதான் என் ஹைபிறிட் கார், படுத்துவிட்டாள். உனக்கு இன்னும் சொல்லவில்லை, அல்லவா? போன மாதம் கொழும்பிலிருந்து வரும்போது முறிகண்டியில் வழமைபோல இறங்கி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு ஏறினோம். கிளிநொச்சி வரவில்லை, டாஷ்போர்டில் சிவப்பு எச்சரிக்கை முக்கோணம் எரிந்தது. ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஆனையிறவு வெயிலில் மாட்டுவண்டி வேகத்தில் வந்தோம். பின்னாலிருந்து உன் தங்கச்சி, "தேங்காய் அழுகல், அப்பவே சொன்னேன்" என்றாள்.

கராஜ் பெடியன் பின் சீற்றைக் கழற்றினான். சீற்றுக்குக் கீழே, கால் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வலை இருக்கும் பார், பற்றரிக்குக் காற்று இழுக்கிற வழி. அதைத் திறந்தால் உள்ளே விசிறி தெரியவில்லை. இணுவில் செம்மண், தலைமயிர், நூல், நடுவில் கச்சான் கோது! எத்தனை முறிகண்டிப் பயணத்துக் கச்சானோ. விசிறி காற்றை இழுக்க முடியாமல் முனகியிருக்கிறது, இந்த வெயிலில் பற்றரி உள்ளே அவிந்திருக்கிறது. மூடியைத் தூக்கினால் வரிசையாக 20 கட்டைகள், சின்னச் சின்னப் பற்றரிகள், ஒவ்வொன்றும் 7.2 வோல்ற். அவற்றைத் தொடுக்கிற செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு. பெடியன் ஒவ்வொன்றாய் மீற்றரை வைத்துப் பார்த்துக்கொண்டு போய், மூன்றில் நின்றான். நடுவில் இருந்தவைதான் செத்திருந்தன. சூடு அதிகம் நடுவில்தானாம்.

இரண்டு வழி சொன்னான். செத்த மூன்றையும் எடுத்துவிட்டு, உடைத்த காரிலிருந்து கழற்றிய பழைய கட்டைகளைப் போடலாம். மலிவு, ஆனால் இன்று மூன்று போட்டால் ஆறு மாதத்தில் பக்கத்திலிருப்பது போகும், மற்றவற்றைப்போல அதுவும் வயதானதுதானே. இல்லையென்றால் முழுப் பற்றரியும் புதிதாக, நாலு லட்சத்துக்குக் கிட்ட.

அன்றிரவு கொப்பியும் பேனையுமாக இருந்தேன். பெற்றோல் லீற்றர் 300 ரூபா, மாதம் 1,000 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள். வெள்ளைச்சி லீற்றருக்கு 20 ஓடுவாள், 15,000 ரூபா. அதே அளவில் ஹைபிறிட் இல்லாத ஒரு கார் 14 ஓடினால், 21,400. மிச்சம் மாதம் 6,400, வருடம் 77,000 சொச்சம். புதுப் பற்றரி ஐந்து வருடத்துக்கு மேல் தாங்கினால்தான் போட்ட காசு திரும்பும். அதாவது பெற்றோல் ஷெட்டுக்குக் கொடுக்காததைப் பற்றரிக்காரனுக்குக் கொடுக்கிறேன்.

மருமகனுக்கு அதுவும் கிடைக்காது. அவன் ஓடுவது சுன்னாகம் வரை, போய்வர ஏழெட்டுக் கிலோமீற்றர். எஞ்சின் சூடேறி, இனி நிற்கலாம் என்று நினைக்கும்போது வங்கி வாசல் வந்துவிடும். கொழும்பில் காலி வீதி நெரிசலில் நின்று நின்று போகிறவனுக்கு ஹைபிறிட் உழைத்துக் கொடுக்கும், பிறேக் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் பற்றரியில் கொஞ்சம் ஏறும். காங்கேசன்துறை வீதியில் அவனுக்கு எத்தனை சிக்னல்?

இதையெல்லாம் சொன்னதற்கு உன் தங்கச்சி ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப வெள்ளைச்சியை விற்கிறதுதானே?"

விற்க மாட்டேன், மச்சான். ஏன் என்று உனக்குத்தான் சொல்லலாம்.

2022 ஜூன் கடைசியில் பெற்றோல் 470 ரூபாவுக்குப் போனது உனக்குத் தெரியும். விலையை விடு, சாமானே இல்லை. வரிசையில் காரை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனோம். பிறகு கியூஆர் பங்கீடு வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அந்த ஓகஸ்டில்தான் அம்மாவுக்குக் கொழும்பில் ஒப்பரேசன் திகதி கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து 400 கிலோமீற்றர். ஹைபிறிட் இல்லாத கார் என்றால் லீற்றருக்கு 16 ஓடினாலும் சிலாபத்தைத் தாண்டாது. வெள்ளைச்சி அந்த நெடுவழியில் லீற்றருக்கு 20க்கும் மேல் ஓடி, ஒரு கிழமைப் பங்கில் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விட்டாள், இன்னும் ஒரு கோடு எண்ணெய் காட்டியது. வழியெல்லாம் அம்மா நித்திரை. நான் அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். ஒப்பரேசன் காசு நீ அனுப்பினது, கொண்டுபோய்ச் சேர்த்தது இவள். அதை எந்தக் கொப்பியில் எழுத?

அதிலும் எங்களுக்கென்ன புதுசு! தொண்ணூறுகளில், பெற்றோல் தடைக் காலத்தில், குண்டனின் மோட்டார்சைக்கிளை நாலு துளி பெற்றோலில் இழுத்து எழுப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கோண்டாவில் சந்தியைப் புகையால் மூடிக்கொண்டு போனோமே. இரண்டு சக்தியில் ஓடுகிற வண்டி ஜப்பான்காரன் 1997இல்தான் விற்கத் தொடங்கினான். குண்டன் இதைக் கேட்டால் பங்கு கேட்பான், சொல்லிவிடாதே. அந்தப் புகைக்கு நடுவில் யார் மதிலில் கொண்டுபோய்ச் சாத்தினீர்கள் என்பதையும் நான் மறக்கவில்லை.

சரி, இனி விசயத்துக்கு வா. வெள்ளைச்சிக்குப் புதுப் பற்றரிக்குச் சொல்லிவிட்டேன். வலையை மாதா மாதம் கழற்றித் துடைக்கிறேன், காருக்குள் கச்சான் தடை. உன் தங்கச்சி அதற்கு மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை.

நீ செய்ய வேண்டியது ஒன்று. அடுத்த கிழமை பெடியனுக்குப் போன் எடு. ஹைபிறிட்டே வேண்டாம் என்று சொல்லாதே, அவன் முறுகுவான். ஏதாவது ஹைபிறிட் பார்த்தால், பற்றரிக் கட்டைகளை ஒவ்வொன்றாய் அளந்து காட்டாமல் கையெழுத்து வைக்காதே என்று சொல். அளக்க விற்கிறவன் விடாவிட்டால் திரும்பி வரட்டும். இல்லை, என் புத்தியைக் கேட்கிறதென்றால், ஆயிரம் சிசி சாதாரணக் கார் ஒன்று அவன் ஓட்டத்துக்குத் தாராளம். நான் சொன்னால் நெகற்றிவ், அதையே ரொறன்ரோ மாமா சொன்னால் ஞானம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாயா இல்லையா? போன தடவைபோல ரிக்கற் போட்டபிறகு மனம் மாறாதே. பலாலிக்கு வந்தாலும் சரி, கட்டுநாயக்காவுக்கு வந்தாலும் சரி, கூப்பிட நானே வருவேன். பற்றரி அதற்குள் வந்துவிடும் என்கிறான் கராஜ்காரன். வராவிட்டால் குண்டனின் ஓட்டோதான், பிறகு என்னைக் குறை சொல்லாதே.

பிள்ளைகளுக்கு அன்பு சொல்.

இப்படிக்கு,
உன் கடைசி வாங்குத் தோழன்